அலுவலகமே இல்லாத நிறுவனத்துக்கு நேர்காணல்

சென்னையில் பெரிய மென்பொருள் சேவை நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றிய நான், இப்போது ராஜபாளையத்தில் என் வீட்டிலிருந்தே வேறொரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். அந்த நிறுவனத்துக்கு எந்த நாட்டிலும் அலுவலகக் கட்டடம் கிடையாது. வணிக நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்களைப் பிரித்து உரியவரிடம் சேர்க்கும் மென்பொருளைத் தயாரிக்கும் அந்தக் குழுவினர், போர்ச்சுகல், கனடா, கென்யா, பிலிப்பைன்ஸ் என்று பல நாடுகளில் அவரவர் வீடுகளில் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட வேலையைத் தேடும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, நேர்காணலில் எத்தகைய அல்காரிதம் கணக்குகள் வரும் என்பதாகவே இருக்கிறது. கணக்குகளும் வரலாம். ஆனால் நான் கடந்து வந்த தேர்வு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது: இந்த மனிதர் நம் கண்ணில் படாத இடத்தில், நாம் தூங்கும் நேரத்தில் வேலை செய்யும்போது, என்ன நினைக்கிறார், எங்கே தடைப்பட்டு நிற்கிறார் என்பது அவருடைய எழுத்திலிருந்து நமக்குத் தெரியவருமா? இதை முன்கூட்டியே உணர்ந்து தயாராகிறவருக்குப் பாதை பெருமளவு எளிதாகிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

விண்ணப்பிப்பதற்கு முன் நான் அதிக நேரம் செலவிட்டது படிப்பதில்தான். இத்துறையின் முன்னோடி நிறுவனங்கள் சில, தங்கள் உள்நடைமுறைகளை யாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கின்றன. நிரலாளர்கள் தங்கள் நிரலைச் சேமித்துச் சேர்ந்து வேலை செய்யும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் கையேடு அவற்றில் மிகவும் விரிவானது. விடுப்பை எப்படி அறிவிப்பது, கூட்டக் குறிப்பை எங்கே எழுதுவது, ஆளெடுப்பின் படிநிலைகள் எவை என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன. வேர்ட்பிரஸ் டாட் காம் சேவையை நடத்தும் ஆட்டோமாட்டிக் நிறுவனம் 2005-இல் தொடங்கிய காலம் முதலே வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்களைக் கொண்டு இயங்கி வருகிறது. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பெரிய அலுவலகத்துக்கு வருவோர் மிகக் குறைந்துவிட்டதால் 2017-இல் அதை மூட முடிவு செய்தது. அங்கே நேர்காணல் எழுத்து உரையாடலாகவே நடந்ததையும், சேர்ப்பதற்கு முன் ஊதியத்துடன் கூடிய சோதனைப் பணி தரப்பட்டதையும் அந்நிறுவனமே பலமுறை விளக்கியிருக்கிறது. நான் விண்ணப்பித்தது இவற்றில் எதற்கும் அல்ல. ஆயினும், சிறிய நிறுவனங்கள் பலவும் இந்த முன்னோடிகளைப் பார்த்தே தங்கள் முறைகளை வகுத்துக்கொள்வதால், எனக்கு வந்த ஒவ்வொரு கட்டமும் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பது முன்பே புரிந்திருந்தது.

படித்தவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒன்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் பொறியாளர் ஒருவர், ஒரு கோளாறைச் சரிசெய்யும் முயற்சியில், வேறொரு சர்வரில் இயக்க வேண்டிய, தரவை அழிக்கும் கட்டளையை முதன்மைத் தரவுத்தளம் இருந்த சர்வரில் இயக்கிவிட்டார். அவர்கள் வைத்திருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளில் எதுவும் நம்பத்தக்க நிலையில் இல்லை. வேறொரு தேவைக்காக சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியைக் கொண்டுதான் மீட்க முடிந்தது. மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பின்னர் வெளியிட்ட நீண்ட அறிக்கையில், நடந்ததை மணிவாரியாக எழுதி, ஒவ்வொரு காப்பு ஏற்பாடும் ஏன் கைவிட்டது என்பதை ஆராய்ந்திருந்தார்கள். அந்தப் பொறியாளரின் பெயரைச் சொல்லிப் பழி போடவில்லை. நீங்கள் சந்தித்த பெரிய கோளாறு ஒன்றை விளக்குங்கள் என்ற கேள்வி ஏறக்குறைய எல்லா நேர்காணல்களிலும் வருகிறது. அதற்கு எந்த நடையில் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது: நேர வரிசை, நமக்கு அப்போது தெரிந்திருந்தது எது, தெரியாமல் இருந்தது எது, காரணம், மாற்றிய ஏற்பாடு. யார் செய்தார் என்பதற்கு அங்கே இடமில்லை.

விண்ணப்பப் படிவத்தில் ரெஸ்யூமை இணைக்கும் இடத்துக்குக் கீழே சில எழுத்துக் கேள்விகள் இருந்தன. எழுத்தின் மூலமாக ஒரு சக பணியாளரின் முடிவை மாற்றிய நிகழ்ச்சி ஒன்று, மற்றவர் எழுதியதைப் படித்து உங்கள் முடிவை மாற்றிக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று, நீங்கள் எழுதிய தொழில்நுட்பக் குறிப்பு ஏதாவது இருந்தால் அது எனக் கேட்டிருந்தார்கள். பலர் இந்தக் கட்டத்தைச் சடங்காக நினைத்து ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறார்கள் என்று பின்னர் எங்கள் குழுவில் ஆளெடுப்பில் உதவும்போது பார்த்தேன். விண்ணப்பங்களில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே விலக்கப்படுகிறது. சேவை நிறுவனங்களில் எழுதிய குறிப்புகள் வாடிக்கையாளருக்குச் சொந்தமானவை என்பதால் அவற்றை வெளியே காட்ட முடியாது, காட்டவும் கூடாது. அதனால், விண்ணப்பிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, நான் பயன்படுத்திக்கொண்டிருந்த யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு திறந்தமூல நிரலில் இருந்த பிழைகளைக் கண்டுபிடித்து அறிக்கைகள் எழுதத் தொடங்கினேன். பிழையை மீண்டும் உருவாக்கும் படிகள், எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, எந்தப் பதிப்பில் தோன்றியது என்ற நான்கும் தெளிவாக இருக்கும் அறிக்கை ஒன்று, நிரல் எழுதாமலேயே ஒருவருடைய தரத்தைக் காட்டிவிடுகிறது.

ரெஸ்யூமிலும் விடைகளிலும் நான் கவனமாக மாற்றிய இன்னொன்று உண்டு. நம் ஊரில் ஒரு வேலையைத் தனியாகச் செய்திருந்தாலும் அதைக் குழுவின் வேலையாகவே சொல்வது மரியாதை என்று பழகியிருக்கிறோம். நேர்காணல் செய்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. பன்னிரண்டு பேர் செய்த வேலையில் தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் வினவலை வேகப்படுத்தியது நான், அட்டவணையின் அமைப்பை முடிவு செய்தவர் மூத்த பொறியாளர், சோதனைகளை எழுதியவர்கள் இருவர் என்று பிரித்துச் சொன்னால், நம் பங்கும் தெரிகிறது, மற்றவர்களின் பங்கும் மறைக்கப்படுவதில்லை. இதைத் தற்பெருமை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மாறாக, அடுத்த கேள்வி நேராக நான் செய்த வேலையின் ஆழத்துக்குப் போனது.

இதற்கிடையே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்ற பெயரில் மோசடி ஏராளம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று எதைக் கேட்டாலும் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். இதைவிட நுட்பமான ஆபத்து நிரலாளர்களைக் குறிவைத்து வருகிறது. ஆள் தேடுபவர் போல அணுகி, சோதனைப் பணி என்று ஒரு நிரல் தொகுப்பைக் கொடுத்து, அதை இயக்கியவுடன் கணினியில் உள்ள கடவுச்சொற்களைத் திருடும் முறையை, வட கொரியத் தொடர்பு உடையவர்களின் வேலை என்று 2023 நவம்பரில் இணையப் பாதுகாப்பு நிறுவனமான பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 ஆய்வுப் பிரிவு வெளியிட்டது. முன்பின் தெரியாதவர் தரும் நிரலை, அலுவலக மடிக்கணினியிலோ வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியிலோ ஒருபோதும் இயக்காதீர்கள். கணினிக்குள் தனிக் கணினி போலப் பிரிந்து இயங்கும் மெய்நிகர் இயந்திரத்தில் மட்டும் இயக்குங்கள். சந்தேகம் மறுபக்கத்திலும் இருக்கிறது. 2024 ஜூலையில் நோபிஃபோர் என்ற அமெரிக்கப் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனம், போலி அடையாளத்துடன் வந்த வட கொரியர் ஒருவரைத் தெரியாமல் வேலைக்குச் சேர்த்துவிட்டதாகத் தானே அறிவித்தது. ஆகவே கேமராவை இயக்கச் சொன்னாலோ, அடையாள அட்டையைச் சரிபார்க்க வேண்டும் என்றாலோ அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. அடையாள அட்டையின் நகலை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டால் மட்டும் தயங்குங்கள். அது கடைசிக் கட்டத்தில் கேட்கப்படுவதுதான் முறை.

முதல் நேர்காணல் ஸ்லாக் என்ற குழு உரையாடல் செயலியில், முழுவதும் எழுத்தில் நடந்தது. முகம் இல்லை, குரல் இல்லை. லிஸ்பனில் இருந்த ஒரு மூத்த பொறியாளர் கேள்வியைத் தட்டச்சு செய்வார். நான் விடையைத் தட்டச்சு செய்வேன். தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தை எழுத்தில் சரளமாகக் கையாண்டாலும் பேசும்போது சொல் தேடித் தடுமாறுகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த முறை செய்யும் நன்மையை எவ்வளவு சொன்னாலும் தகும். உச்சரிப்பை வைத்து ஒருவரை எடைபோடும் வாய்ப்பே இங்கே இல்லை. ஆனால் இதற்கென்று சில பழக்கங்கள் தேவை. நீண்ட விடையைப் பத்து நிமிடம் செதுக்கிக்கொண்டிருந்தால் மறுமுனையில் இருப்பவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனவே, முதலில் ஒரு வரியில் முடிவைச் சொல்லி, காரணத்தை அடுத்தடுத்த சிறு பத்திகளாக அனுப்பினேன். யோசிக்க நேரம் வேண்டுமானால் அதையும் எழுதினேன். கேள்வி இரண்டு விதமாகப் பொருள்படும் இடங்களில், நான் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறேன் என்று முதலில் குறிப்பிட்டுவிட்டு விடை சொன்னேன். நிரல் துண்டுகளை அதற்குரிய வடிவில் இட்டேன்.

கேள்விகள் எளிய தோற்றத்தில் இருந்தன. நீங்கள் ஒரு வேலையில் சிக்கிக்கொண்டீர்கள், அதைப் பற்றித் தெரிந்த ஒரே நபர் இன்னும் எட்டு மணி நேரம் தூங்குவார், என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவரை எழுப்புவேன் என்பதும், காத்திருப்பேன் என்பதும் இங்கே எடுபடாது. தடையை அவர் கண்விழித்ததும் ஐந்து நிமிடத்தில் தீர்க்கக்கூடிய அளவுக்கு முழுமையாக எழுதி வைப்பேன், முயன்று பார்த்தவற்றை அதில் பட்டியலிடுவேன், அவர் மறுக்காவிட்டால் நான் தேர்ந்தெடுக்கப்போகும் வழியைச் சொல்வேன், அது திரும்பப் பெற முடியாத செயலாக இருந்தால் மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு வேறு வேலையைத் தொடங்குவேன் என்று எழுதினேன். திரும்பப் பெறக்கூடிய முடிவையும் திரும்பப் பெற முடியாத முடிவையும் எப்படிப் பிரிப்பீர்கள் என்று அவர் தொடர்ந்து கேட்டார். தரவுத்தள அட்டவணையில் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பதையும், இருக்கும் நெடுவரிசையை நீக்குவதையும் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். உரையாடலின் பெரும்பகுதி இப்படித்தான் நகர்ந்தது.

இரண்டாம் கட்டத்தில் நிரல் எழுதச் சொல்லவில்லை. வேறொருவர் எழுதியதாக வைக்கப்பட்ட ஒரு புல் ரிக்வெஸ்டை, அதாவது நிரலில் செய்த மாற்றத்தை இணைத்துக்கொள்ளும்படி கேட்கும் வேண்டுகோளை, கொடுத்து அதற்குக் கருத்துரை எழுதச் சொன்னார்கள். இந்தக் கட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லும் திருத்தத்தை எழுத்தில் சொல்லும்போது, அது கடுமையாகவோ குழப்பமாகவோ ஆகிவிடுவது மிக எளிது. நான் முதலில் மாற்றத்தின் நோக்கத்தை என் சொற்களில் எழுதி, அது சரிதானா என்று கேட்டேன். பிறகு என் கருத்துகளை மூன்றாகப் பிரித்தேன்: சரிசெய்யாமல் இணைக்கக் கூடாதவை, இப்போது செய்தால் நல்லது, விருப்பம் மட்டுமே. ஒரு சுழற்சிக்குள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாகத் தரவுத்தள வினவல் போய்க்கொண்டிருந்தது முதல் வகையில் வந்தது. மாறிகளின் பெயர் பற்றிய என் அபிப்பிராயங்கள் மூன்றாம் வகையில் வந்தன; அவற்றிலும் பாதியை அனுப்பும் முன் நீக்கிவிட்டேன்.

அந்த நிரலில் நேர மண்டல வேறுபாட்டை முழு மணிகளாகச் சேமிக்கும் ஒரு வரி இருந்தது. இந்தியாவில் இருப்பவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். நம் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியை விட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. நேபாளத்துக்கு ஐந்தே முக்கால் மணி. நம் நாட்டில் பிழை வரும் என்று மட்டும் சொன்னால் தொலைதூர விவகாரமாகத் தோன்றக்கூடும் என்பதால், வாடிக்கையாளர்கள் அதிகம் உள்ள கனடாவிலேயே நியூஃபவுண்ட்லாந்து தீவு மூன்றரை மணி நேர வேறுபாட்டில் இருப்பதைச் சுட்டி, மணிக்கணக்கைச் சேமிப்பதற்குப் பதிலாக ஏசியா/கொல்கத்தா போன்ற மண்டலப் பெயரையே சேமிக்கும் மாற்றத்தைப் பரிந்துரைத்தேன். பெயரைச் சேமித்தால், சில நாடுகள் கோடையில் கடிகாரத்தை மாற்றிவைக்கும் கோடைக்கால நேர மாற்றங்களையும் ஆயத்த நிரல் நூலகமே பார்த்துக்கொள்ளும். நாம் வாழும் இடம் நமக்குத் தரும் அறிவு இத்தகைய குழுக்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. அதைத் தயங்காமல் கொண்டுவர வேண்டும்.

மூன்றாம் கட்டம்தான் மிகவும் முக்கியமானது. ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டிய ஊதியத்துடன் கூடிய பணி. இதை ஏற்கும் முன் என் அப்போதைய நிறுவனம் தந்திருந்த பணிநியமனக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். எழுத்துமூல அனுமதியின்றி வேறெங்கும் ஊதியத்துக்கு வேலை செய்யக் கூடாது என்று அதில் இருந்தது. இது வெறும் காகித விதி அல்ல. 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்துகொண்டிருந்ததாகக் கண்டறியப்பட்ட 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி அறிவித்ததை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். நான் நிலைமையை அப்படியே எழுதினேன். அவர்கள் தங்கள் தயாரிப்போடு தொடர்பில்லாத, சில மணி நேரத்தில் முடியக்கூடிய சிறிய பயிற்சி ஒன்றை ஊதியமில்லாமல் மாற்றித் தந்தார்கள். ஊதியம் தரும் சோதனைப் பணியை நான் குறை சொல்லவில்லை. ஊதியமே தராமல் இரண்டு மூன்று வாரயிறுதிகளை விழுங்கும் பணிகளைக் கொடுக்கும் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் அது மிகவும் நேர்மையான முறை. ஆயினும் முழுநேர வேலையில் இருப்பவருக்கும், கைக்குழந்தை உள்ள தாய்க்கும் அது கடினமானது. மாற்று வழி உண்டா என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. நல்ல நிறுவனம் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே வைத்திருக்கும்.

பயிற்சி இதுதான்: அட்டவணைத் தரவைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் ஒரு சிஎஸ்வி கோப்பில் உள்ள பழைய புகார்களின் பட்டியலைப் படித்துத் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும். விவரக் குறிப்பு அரைப்பக்கம் மட்டுமே. கோப்பின் தேதி நெடுவரிசையில் 03/04/2023 என்று இருந்தது. அது நமக்கு ஏப்ரல் மூன்றாம் தேதி, அமெரிக்கருக்கு மார்ச் நான்காம் தேதி. பெயர் நெடுவரிசையில் சில போர்ச்சுகீசியப் பெயர்கள் சிதைந்து தெரிந்தன. எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் அந்தக் கோப்பு இல்லை. இவை வேண்டுமென்றே வைக்கப்பட்டவையா, தற்செயலானவையா என்று எனக்குத் தெரியாது. அது முக்கியமும் அல்ல. முக்கியமானது, ஐயம் தோன்றிய அன்றே அதை எழுதியதுதான்.

எழுதிய விதத்தை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் முழு நேர்காணலிலும் எனக்கு அதிக மதிப்பைப் பெற்றுத் தந்தது அந்தக் குறிப்புதான் என்று பின்னர் அவர்களே சொன்னார்கள். தேதி எந்த வடிவம் என்று வெறுமனே கேட்டிருந்தால், விடை வர ஒரு நாள், அதிலிருந்து அடுத்த ஐயம் எழ ஒரு நாள் என்று வாரம் கழிந்திருக்கும். நான் இப்படி எழுதினேன்: நாள் எண் 12-க்கு மேல் உள்ள வரிகளைப் பார்த்தேன், அவை எல்லாமே நாள் முதலில் வரும் வடிவத்தில் இருக்கின்றன, ஆகவே கோப்பு முழுவதும் அவ்வடிவம்தான் என்று கொள்ளலாம், ஆனால் வேறு கோப்புகளில் இது மாறலாம் என்பதால், பயனர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து முதல் சில வரிகளை முன்னோட்டமாகப் பார்த்த பிறகே சேர்க்கும்படி செய்ய நினைக்கிறேன், நாளை யுடிசி 10 மணிக்குள் மறுப்பு வராவிட்டால் இவ்வழியில் தொடர்வேன், மறுப்பு பின்னர் வந்தாலும் மாற்ற வேண்டியது ஒரு கோப்பு மட்டுமே. கேள்வி, கண்டறிந்தது, பரிந்துரை, காலக்கெடு, தவறாகிப்போனால் ஆகும் செலவு ஆகிய ஐந்தும் ஒரே பத்தியில் இருந்தன. மறுநாள் காலை ஒற்றைச் சொல்லில் ஒப்புதல் வந்திருந்தது.

ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும், மருத்துவமனையில் இரவுப் பணியை முடிக்கும் செவிலியர் காலைப் பணிக்கு வருபவருக்கு எழுதி ஒப்படைப்பதைப் போல, எது முடிந்தது, எது நடுவில் நிற்கிறது, எதைத் தொடக் கூடாது என்று சிறு குறிப்பு இட்டேன். கமிட்டுகளை, அதாவது ஒவ்வொரு முறையும் பதிந்து வைக்கும் நிரல் மாற்றங்களை, சிறியனவாக, ஒவ்வொன்றும் ஒரே காரணத்துக்காக இருக்கும்படி பிரித்தேன். சோதனைத் தரவில் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தேன். பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம் முடிந்தபோது, மிகப் பெரிய கோப்புகளைப் பகுதி பகுதியாகப் படிக்கும் வேலை செய்யப்படாமல் இருந்தது. இரவு முழுவதும் விழித்து அதை முடிப்பதை விட, அது செய்யப்படவில்லை என்பதையும் எப்படிச் செய்யலாம் என்பதையும் விளக்கத்தில் எழுதி ஒப்படைப்பதே சரி என்று முடிவு செய்தேன். செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் பயன்படுத்தலாமா என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டிருந்தேன். பயன்படுத்தலாம், ஆனால் எங்கே என்று சொல்லுங்கள் என்றார்கள். சோதனைகளின் முதல் வரைவுக்குப் பயன்படுத்தியதைக் குறிப்பிட்டேன். இப்போது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இதில் வெவ்வேறு விதி இருப்பதால், கேட்காமல் ஊகிப்பது இருபக்கமும் ஆபத்தானது.

காணொளி நேர்காணல் கடைசியில்தான் வந்தது. அதற்கு நான் செய்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி மின்சாரத்தையும் இணையத்தையும் பற்றியது. எங்கள் பகுதியில் மின்வாரியம் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும். அறிவிப்பு முன்பே நாளிதழில் வந்துவிடும். இன்வெர்ட்டர் மின்விசிறிக்குத் தாங்குவது வேறு, நாள் முழுவதும் கணினிக்குத் தாங்குவது வேறு. குறித்த தேதி அந்த நாளில் விழுந்ததால், காரணத்தைச் சொல்லி வேறு தேதி கேட்டேன். அதோடு, ரவுட்டருக்குத் தனி யுபிஎஸ், இரண்டாவது இணைப்பாக வேறொரு நிறுவனத்தின் மொபைல் டேட்டா ஆகிய என் ஏற்பாடுகளையும் ஒரு வரியில் சேர்த்தேன். சிற்றூரில் இருந்து வேலை செய்ய விரும்புகிறவர் இந்தக் கவலையை அவர்கள் கேட்கும் முன் தீர்த்து வைப்பது நல்லது. நேரத்தைக் குறிப்பதில் எப்போதும் யுடிசியையும் சேர்த்து எழுதுங்கள். நம் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறாது. ஆனால் டொராண்டோவில் காலை 9 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, கோடையில் மாலை 6.30. அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் கடிகாரம் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மாறுகிறது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று மாறுகிறது. இடைப்பட்ட வாரங்களில் மூன்று நாட்டவர் சேரும் கூட்டங்கள் குழம்பிப்போவது வழக்கம்.

அந்த உரையாடலில் நான் கேட்ட கேள்விகளும் விடைகளின் அளவுக்கு முக்கியமானவை. கடைசியாக எடுத்த பெரிய தொழில்நுட்ப முடிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது, கூட்டத்தில் கலந்துகொள்ள முடியாதவர் அதில் எப்படிப் பங்கேற்கிறார், என் நேர மண்டலத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா, தினமும் எத்தனை மணி நேரம் எல்லோரும் ஒன்றாக இணையத்தில் இருக்க வேண்டும், புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதத்தில் யார் துணை என்று கேட்டேன். இதே காலத்தில் நான் பேசிக்கொண்டிருந்த வேறொரு நிறுவனம், சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து அனுப்பும் மென்பொருளை என் கணினியில் நிறுவ வேண்டும் என்றது. அங்கிருந்து நான் விலகிக்கொண்டேன். எழுத்தில் நம்பிக்கை வைக்கும் நிறுவனத்துக்கு அத்தகைய கண்காணிப்பு தேவைப்படாது என்பது என் உறுதியான கருத்து. தலைமை அலுவலகத்தில் பலர் ஒன்றாக அமர்ந்திருக்க, நீங்கள் ஒருவர் மட்டும் தொலைவில் இருக்கும் ஏற்பாட்டையும் கவனமாக எடைபோடுங்கள். முடிவுகள் அங்கே மதிய உணவு மேசையிலேயே எடுக்கப்பட்டுவிடக்கூடும்.

ஊதியத்தைப் பொறுத்தவரை, இத்தகைய நிறுவனங்களுக்குள் ஒரே கொள்கை இல்லை. சமூக ஊடகப் பதிவுகளை நிர்வகிக்கும் மென்பொருளைத் தரும் பஃபர் நிறுவனம் 2013 முதல் தன் ஊழியர்களின் ஊதியங்களைப் பொதுவெளியில் வெளியிட்டு வருகிறது. கிட்லேப் ஊழியரின் இருப்பிடத்தைக் கணக்கில் கொண்டு ஊதியத்தை நிர்ணயிக்கிறது. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனமோ, எங்கே வசித்தாலும் சான் பிரான்சிஸ்கோ சந்தையை அளவுகோலாக வைத்து ஒரே விதமாகத் தருவதாகச் சொல்கிறது. எனவே, எதிர்பார்ப்பு எவ்வளவு என்று கேட்டபோது, என் பழைய சிடிசியின் (நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செலவிட்ட மொத்தத் தொகையின்) மேல் ஒரு சதவீதத்தைக் கூட்டிச் சொல்லவில்லை. இந்தப் பதவிக்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்பு என்ன, அது இருப்பிடத்தைச் சார்ந்ததா என்று திருப்பிக் கேட்டேன். வரம்பைச் சொன்னார்கள். அது நான் மனத்தில் வைத்திருந்ததை விட அதிகம்.

ஒப்பந்தத்தின் வகையைப் பற்றி நம் இளைஞர்கள் போதிய அளவு கேட்பதில்லை. இந்தியாவில் கிளை இல்லாத வெளிநாட்டு நிறுவனம் நம்மை இரண்டு வழிகளில் எடுக்கலாம். இங்கே பதிவு பெற்ற இடைநிலை நிறுவனம் ஒன்றின் ஊழியராக, வருங்கால வைப்பு நிதி உள்ளிட்ட உரிமைகளுடன் சேர்ப்பது ஒன்று. சுயதொழில் ஒப்பந்ததாரராக, மாதந்தோறும் இன்வாய்ஸ் அனுப்பச் சொல்வது மற்றொன்று. இரண்டாவது வகையில் வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, மருத்துவக் காப்பீட்டையும் நாமே எடுக்க வேண்டும். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி சம்பளச் சீட்டுக்குப் பதிலாக முந்தைய ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கைக் கேட்கும். வரியை யாரும் பிடித்துக் கட்டமாட்டார்கள். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் முன்வரியை நாமே செலுத்த வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. சேவை ஏற்றுமதிக்கு வரி இல்லை என்றாலும், வரி கட்டாமல் இன்வாய்ஸ் அனுப்ப ஒவ்வொரு நிதியாண்டும் உறுதிமொழிக் கடிதத்தை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்க நிறுவனமாக இருந்தால், நாம் அமெரிக்க வரிக்குடிமக்கள் அல்லர் என்பதற்கு டபிள்யூ-8பென் படிவத்தைக் கேட்பார்கள். கையெழுத்திடும் முன் இந்தச் செலவுகளையெல்லாம் கழித்துப் பார்த்துத்தான் தொகையை ஒப்பிட வேண்டும். ஏற்றுமதி வருவாய் உள்ளவர்களுக்குக் கணக்கு எழுதிய பழக்கம் உள்ள ஆடிட்டரை இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஒப்பந்தத்தில் நான் மாற்றக் கேட்டது இரண்டு விதிகளை. நான் எழுதும் எல்லா நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற விதியில், வேலை நேரத்துக்கு வெளியே, என் சொந்தக் கணினியில் செய்யும் திறந்தமூலப் பங்களிப்புகளை விலக்கித் தரும்படி கேட்டேன். அந்தத் திட்டங்களின் பெயர்களைப் பட்டியலிட்டு இணைப்பாகச் சேர்த்தார்கள். நிறுவனம் என்னை உடனடியாக விலக்கலாம், ஆனால் நான் ஒரு மாத அவகாசம் தர வேண்டும் என்றிருந்ததை, இருவருக்கும் ஒரு மாதம் என்று மாற்றினார்கள். இன்னொன்றை முதல் உரையாடலிலேயே சொல்லியிருந்தேன்: நம் நாட்டின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் பெரும்பாலும் 90 நாள்கள். இரண்டு வாரத்தில் ஆள் வந்துவிடுவார் என்று பழகிய வெளிநாட்டு மேலாளருக்கு இது கடைசி நேரத்தில் தெரிந்தால் பேச்சு முறிந்துவிடக்கூடும். அவர்கள் காத்திருக்கச் சம்மதித்து, சேரும் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். இரு தரப்புக் கையெழுத்தும் இட்ட பிரதி என் கைக்கு வந்த பிறகே சென்னை நிறுவனத்துக்கு ராஜினாமா மின்னஞ்சலை அனுப்பினேன்.